ராஸ் சொன்ன நீரோட்டம்

லினெட் ஹானிகனின் கணவன் செத்துப்போயிருந்தால் ஊர்க்காரர்களுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். ஹுவான் ஆற்றங்கரையில் அதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. ஆளுக்கொரு சட்டி கறியைக் கேசரோலாக அடுப்பில் வேகவைத்து, மேலே அலுமினியத் தாளை மூடி, பின்வாசல் படியில் வைத்துவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பி வந்துவிடலாம். ஆனால் ராஸ் சாகவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, டோஸ்ட்டில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் ஜனைன்கூடப் போயிடலாம்னு இருக்கேன், லின்" என்றான். அந்த டோஸ்ட்டை முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் அவளோடு போனான். இதற்குக் கேசரோல் கொண்டுபோவதா, கூடாதா என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு நோலாவுக்கு மட்டும் அந்தக் குழப்பம் இல்லை. அன்று மதியமே கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து, சட்டியை மேஜைமேல் டொக்கென்று வைத்தாள்.

"செத்த வீட்டுக்குத்தான் குடுக்கணும்னு சட்டமா? என்னப் பொறுத்தவரைக்கும் அவன் செத்தாச்சு. சாப்பிடுடி."

லினெட் சாப்பிட்டாள். ஆட்டுக்கறியா மாட்டுக்கறியா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அறுபத்தொரு வயது அவளுக்கு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மலைமேலிருக்கும் ஆப்பிள் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமான பாதையில், பனியிலும் மழையிலும் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து இறக்குவாள். பின்னால் அடிதடி நடந்தாலும் திரும்பாமல், கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அடங்கிவிடும். ராஸ் போனதற்கு அடுத்த திங்கட்கிழமையும் பஸ் எடுத்தாள். ஒரு நிறுத்தத்தைக்கூடத் தவறவிடவில்லை. பார்த்தவர்கள், "கல்லு மாதிரி இருக்கா பாரேன்" என்று மெச்சிக்கொண்டார்கள்.

மெச்சுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போடுவார்களே, அப்புறம் கன்னத்தைக் கடித்தாலும் தெரியாதே, அந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. கோபமாவது வரட்டும் என்று ராஸின் சட்டைகளை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். துவைக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. துவைத்து, மடித்து, பெட்டியில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். இந்த இடத்தில் நோலாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கேட்கிற யாருக்கும் வரும்.

"மடிச்சா குடுத்த? மடிச்சா?" என்றாள் நோலா.

"சுருக்கம் விழுந்துடும்ல."

"அவன் மூஞ்சில விழட்டுமே!"

இப்படியே குளிர்காலம் போய், வசந்தம் போய், அங்கே கோடையும் முடியப்போகிற பிப்ரவரியில் ராஸ் போன் செய்தான். கொட்டகையில் கிடக்கும் இரட்டைக் கயாக் வேண்டுமாம்.

அந்தக் கயாக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நீளமானது, மஞ்சள் நிறம், இரண்டு பேர் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்து ஓட்டுவது. முன் இருக்கை லினெட்டுடையது, பின் இருக்கை ராஸுடையது. முன்னால் இருப்பவர் துடுப்புப் போடும் வேகத்துக்குப் பின்னால் இருப்பவர் ஒத்துப் போட வேண்டும். சுக்கான் பின்னால் இருப்பவரின் காலடியில் இருக்கும். மிதியை அழுத்தினால் படகு திரும்பும். முன்னால் இருப்பவர் மட்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. இடுப்பைத் திருப்பினால் படகு ஆடும், ஆடினால் கவிழும். அங்கே கயாக் கிளப்பில் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தான். லினெட் சொன்னபடி கேட்கிறவள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் படகில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு ஈஸ்டருக்கும் இரண்டு பேரும் அதில் ஏறிக் கூடாரம் போட்டுத் தங்க ஹெட்டி கடற்கரைக்குப் போவார்கள். இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே வெள்ளை மணல். பாதை கிடையாது, கடல்வழியாகத்தான் போக வேண்டும். போகும் வழியில் பார்சன் முனை. அங்கேதான் அந்த நீரோட்டம். முனைக்கு நேரே வந்ததும் படகு கனத்துப்போகும். எவ்வளவு துடுப்புப் போட்டாலும் கரை நகராது. பின்னாலிருந்து ராஸ் கத்துவான்: "புடிச்சிருச்சு லின்! விடாத, போடு, போடு!" லினெட் பல்லைக் கடித்துக்கொண்டு போடுவாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கும். முனையைத் தாண்டி ஹெட்டி மணலில் படகு ஏறும்போது, கையைத் தூக்கித் தொப்பியைக் கழற்றக்கூட அவளால் முடியாது. ராஸ்தான் கழற்றிவிடுவான்.

கிளப் கூட்டங்களில் ராஸ் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, அதற்கு 'ராஸ் நீரோட்டம்' என்றே பேர் விழுந்துவிட்டது. கிளப்பில் மற்றவர்கள் பார்சன் முனைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. எதிர்த்திசையில், தீவுப் பக்கமாகப் போய்விடுவார்கள்.

போனில் ராஸ், "ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன், கண்ணு. நானும் ஜனைனும் ஹெட்டி வரைக்கும் போயிட்டு வரலாம்னு" என்றான். கண்ணு என்று கூப்பிடும் பழக்கம் அவனைவிட்டுப் போகவில்லை. தபால்காரியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவான்.

"சரி" என்றாள் லினெட். அதோடு வைத்திருக்கலாம். அவளே எதிர்பார்க்காமல் இன்னொரு வாக்கியம் வந்தது. "ஈஸ்டருக்கு நான் போறேன் ஹெட்டிக்கு."

"யாரோட?"

"தனியா."

ராஸ் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, அக்கறையாகத்தான் சிரித்தான். "நீரோட்டத்த மறந்துட்டியா? ரெண்டு பேர் சேந்து போட்டே நமக்கு நாக்கு தள்ளும். தனியாப் போனா உன்ன நியூசிலாந்துல கொண்டுபோய் விட்டுடும். வேணாம் கண்ணு."

போனை வைத்த பிறகு அவள் கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று யோசித்தாள். ஆசையும் இல்லை, வீம்பும் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: இனி அந்த முன் இருக்கையில் ஜனைன் உட்காருவாள். அதற்கு முன்னால் தன் கையால் ஒரு தடவை ஹெட்டி மணலைத் தொடாவிட்டால், அத்தனை வருஷமும் தான் அங்கே போனதாகவே ஆகாது. ராஸ் கூட்டிக்கொண்டு போனான், இப்போது வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறான், அவ்வளவுதான் கணக்கு. இந்த எண்ணம் வந்தபோதும் வலிக்கவில்லை. ஆனால் அது மனசைவிட்டுப் போகவில்லை, அங்கேயே நின்றது.

போவதென்றால் படகு வேண்டும். அந்த நீரோட்டத்தைத் தாங்குகிற படகு.

முதலில் இரட்டைக் கயாக்கையே தனியாக ஓட்டிப் பார்த்தாள். ஓட்டுவது பின் இருக்கையிலிருந்துதான் என்பதால் அங்கே உட்கார்ந்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. முன்னால் ஆள் இல்லாததால் மூக்கு வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. காற்று அந்த மூக்கைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது. பள்ளிக்கூட பஸ்ஸை மலைப்பாதையில் பின்பக்கமாக எடுக்கத் தெரிந்தவள், துறைக்கு முன்னால் வட்டம் வட்டமாகச் சுற்றினாள். துறையில் பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்த நோலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ராட்டினம் நல்லா இருக்குடி! டிக்கெட் எவ்வளவு?"

சுற்றிக்கொண்டே இருந்தபோது லினெட் ஒன்றைப் பார்த்தாள். ஓய்வெடுக்கும்போது துடுப்பைச் செருகிவைக்க இரண்டு இருக்கைக்கும் பக்கவாட்டில் ரப்பர் கவ்வி உண்டு. முன் இருக்கையின் கவ்வி கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே விறைப்பாக இருந்தது. பின் இருக்கையின் கவ்வி தேய்ந்து, பல்லிளித்துக்கொண்டு தொங்கியது. அதன் பக்கத்தில் தூண்டில் கோலைச் செருகும் குழாய். அந்தக் குழாய் இருப்பது அவளுக்குத் தெரியும். போகிற வழியில் ராஸ் தூண்டிலைப் போட்டுக்கொண்டு வருவான். முதல் நாள் சாப்பாட்டுக்கு எப்போதும் அவன் பிடித்த சால்மன்தான். பார்த்தாள், அதோடு விட்டாள். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிற நிலையில் அவள் அப்போது இல்லை.

"முன்னாடி உருளைக்கிழங்கு மூட்டை ஏத்து. ராஸவிட உருப்படியா இருக்கும்" என்றாள் நோலா, லினெட் ஒருவழியாகக் கரை சேர்ந்ததும்.

"ஏத்தலாம். ஹெட்டில எறங்கினப்புறம் மணல்மேட்டுக்கு இழுக்கணுமே. இது வெறுமனேயே ரெண்டு ஆள் கனம். இழுக்கலன்னா ராத்திரித் தண்ணி ஏறி கொண்டுபோயிடும்."

"அப்ப நடுவுல ரம்பத்தப் போடு. ஆளுக்குப் பாதி. கோர்ட்டுல கேட்டாலும் அதான் சொல்வாங்க."

அடுத்தது நோலாவின் தம்பியுடைய அலுமினியப் படகு. பின்னால் சின்ன மோட்டார். கயிற்றை இழுத்தால் உறுமும், நீரோட்டம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று போய்விடும். எல்லோரும் அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள். லினெட் அதைச் படகு இறக்கும் சறுக்குமேடையில் கட்டி இழுத்துப் பார்த்தாள். ஒரு சாண் நகர்ந்தது. தனியாகப் போகிறவள் தனியாக இழுக்க முடியாத படகை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வெய்ன் என்று ஒருவன் படகுத்துறைக்குப் பக்கத்தில் சுற்றுலாக்காரர்களுக்குப் படகு வாடகைக்கு விடுகிறான். அவன் மேலே உட்கார்ந்து ஓட்டும் பிளாஸ்டிக் படகு ஒன்றைக் காட்டினான். கீழே தட்டையாக, அகலமாக இருந்தது.

"கவுக்கணும்னு நெனச்சாலும் கவுழாது, லின். போன வாரம் ஒரு நாயும் ரெண்டு பாட்டியும் போனாங்க. மூணு பேரும் நனையாம வந்தாங்க."

லினெட் அதில் தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு, காற்றுக்கு எதிரே போய்ப் பார்த்தாள். ஹெட்டியில் குடிதண்ணீர் கிடையாது, எல்லாம் கொண்டுபோக வேண்டும். கதவைப் பெயர்த்துத் தண்ணீரில் போட்டுத் தள்ளுவதுபோல இருந்தது. துடுப்பை நிறுத்தினால் பின்னால் போனது.

"நல்ல படகுதான். ஆனா நீரோட்டத்துல நிக்காது" என்றாள் திரும்பி வந்து.

"ஆமா, ராஸ் நீரோட்டம்" என்று வெய்ன் தலையைச் சொறிந்தான். அவன் அங்கே போனதில்லை. போனதில்லை என்று சொல்லவும் இல்லை. "அதுக்கு ஒல்லியா ஒண்ணு வேணும். இருக்கு. ஆனா உனக்குச் சரிப்படாது."

கொட்டகையின் மூலையில், கிழிந்த பாய்த்துணிக்கு அடியில், பச்சை நிற ஒற்றைக் கயாக் ஒன்று கிடந்தது. கடல்தாண்டி மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப்போன ஒரு வாத்தியார் விட்டுப்போனது. நீளம், ஒல்லி, வயிற்றில் ஒரு ஒட்டுப்போட்ட தழும்பு. லினெட் அதன் மூக்கைப் பிடித்துத் தூக்கினாள், தூக்க வந்தது. கேன்களை உள்ளே அடைத்து மணலில் இழுத்தாள். முனகிக்கொண்டே பின்னால் வந்தது. அப்புறம் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு கவிழ்ந்தாள்.

"நான்தான் சொன்னேன்ல" என்றான் வெய்ன்.

"இதையே எடுத்துக்கறேன்" என்றாள் லினெட், மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுக.

மார்ச் மாதம் பூராவும் பஸ்ஸை நிறுத்திவிட்டு நேரே படகுத்துறைக்கு வந்துவிடுவாள். கவிழ்வாள், நிமிர்வாள். துடுப்பின் முனையில் காற்றுப் பையைக் கட்டி, அதைக் கைப்பிடியாக்கிப் படகின்மேல் வயிறு தேய ஏறுவாள். ஏறி உட்காரும் நேரத்தில் மறுபடி கவிழ்வாள். மரத்துப்போனதில் ஒரே ஒரு லாபம் இருந்தது: வெட்கம் இல்லை, பயம் இல்லை, தண்ணீர் எவ்வளவு குளிர் என்றும் சரியாகத் தெரியவில்லை. துறையில் மீன்பிடிக்க வந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் கம்பளி கொண்டுவந்தார்கள்.

"இன்னைக்குக் குளிச்சது போதும், எந்திரிச்சு வா மகராசி" என்று நோலா டீயை ஊற்றுவாள். "யாருக்கு என்ன நிரூபிக்கப்போற? அவன் வந்து கைதட்டப்போறானா?"

"தெரியல."

"அழுது தொலையேன். ஒரு தடவ அழுதுட்டா இந்தக் கருமத்துல எறங்க வேண்டாம்."

"வரல, நோலா. வந்தா சொல்றேன்."

நோலா பிளாஸ்க்கை இறுக்கி மூடினாள். வாய் ஓயாத பெண்பிள்ளை. அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

புனித வெள்ளியன்று மூடுபனி விலகுவதற்கு முன்பே லினெட் கிளம்பினாள். கூடாரம், தூங்கும் பை, தண்ணீர், சாசேஜ், ரொட்டி, நோலா செய்த, ஸ்காலப் சிப்பிக்கறி அடைத்த மாவுப் பண்டம். அந்தப் பக்கத்தில் தனியாகப் படகில் போகிறவர்கள் எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

"ஹெட்டி. திங்கக்கிழமை சாயங்காலம் வந்துருவேன்."

"உன் தலை தெரியலன்னா போலீஸுக்குப் போன் போடுவேன். அதுக்கு முன்னாடி ராஸுக்குப் போட்டு நாக்கப் புடுங்கிக்கற மாதிரி நாலு கேப்பேன். நீரோட்டம் இழுத்தா திரும்பி வந்துடுடி. வெக்கப்படாத."

கட்டிப்போட்டிருந்த படகுகளைத் தாண்டினாள். மீன்பண்ணைக் கூண்டுகளைத் தாண்டினாள். மூடுபனி விலகி வெயில் வந்தது. ஒற்றைக் கயாக்கில் அவள் எதிர்பார்க்காதது ஒன்று இருந்தது: எல்லாம் பழையபடியே தெரிந்தது. அதே கரை, அதே பாறை, முன்னால் அதே தண்ணீர். அந்த வழியில் அவள் ராஸைப் பார்த்ததே இல்லை. அவன் எப்போதும் முதுகுக்குப் பின்னால். இப்போதும் பின்னால் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. குரல் மட்டும்தான் இல்லை. கஷ்டமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. துடுப்பைப் போட்டுக்கொண்டே போனாள்.

பார்சன் முனைக்கு முன்னால் ஒரு கூழாங்கல் துறை. எப்போதும் அங்கே கொஞ்சம் ஒதுங்கி மூச்சு வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அவளும் ஒதுங்கினாள். நோலாவின் பண்டத்தில் பாதியைத் தின்றாள். மிச்சத்தைத் தாளில் சுற்றிக்கொண்டாள். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்த உடம்பில் முதல் தடவையாக ஒன்று தெரிந்தது: பயம். நியூசிலாந்து வரைக்கும் அடித்துக்கொண்டு போகாவிட்டாலும், பாறையில் மோதினால் போதும். திங்கட்கிழமை வரை யாரும் தேடமாட்டார்கள். திரும்பிவிடலாம். நோலா வெட்கப்படாதே என்றுதான் சொன்னாள்.

உயிர்காப்பு அங்கியின் பட்டையை இறுக்கிக்கொண்டு ஏறினாள்.

முனை நெருங்கியது. தோளை முன்னால் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வரப்போகிற கனத்துக்காகத் துடுப்பை ஓங்கி ஓங்கிப் போட்டாள். படகு போனது. இன்னும் வரவில்லை என்று நினைத்தாள். போட்டாள். வெள்ளைக் கோடு ஓடும் பாறை வந்தது. எப்போதும் அங்கேதான் ராஸ் "புடிச்சிருச்சு" என்று கத்துவான். பாறை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு பின்னால் போனது. முனை முதுகுக்குப் பின்னால் போனது. ஹெட்டி கடற்கரை பளிச்சென்று முன்னால் விரிந்தது.

லினெட் துடுப்பை நிறுத்தினாள். படகு கொஞ்ச தூரம் வழுக்கிப் போய் நின்றது.

தப்பான இடமோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. திரும்பிப் பார்த்தாள். ஒற்றைப் படகில் திரும்பக் கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. படகு ஆடியது, கவிழவில்லை. அதே பாறைதான். படகைத் திருப்பி, வெள்ளைக் கோட்டுக்கு நேரே போய் நிறுத்தினாள். மிச்சமிருந்த பண்டத்தின் விளிம்பைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டாள். அது அவள் பக்கத்திலேயே மிதந்தது. ஒரு கடற்காகம் வந்து கொத்திக்கொண்டு போகும்வரை அங்கேயே மிதந்தது. நீர் அசைகிறது, ஏறி இறங்குகிறது, எங்கேயும் இழுக்கவில்லை.

அப்போது பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொதித்தது. சால்மன் கூட்டம். குட்டி மீன்களை விரட்டிக்கொண்டு மேலே வந்து, வெள்ளி வெள்ளியாகத் துள்ளி விழுந்தது. பறவைகள் கத்திக்கொண்டு மேலே விழுந்தன.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூட்டிக் கழிக்க அதிக நேரம் ஆகவில்லை. சுக்கான் காலில் இருக்கிறது. கை சும்மா இருக்கிறது. மீன் இருக்கிற இடம் வந்ததும் ராஸ் துடுப்பைக் கவ்வியில் செருகிவிட்டுத் தூண்டிலைக் கையில் எடுத்திருக்கிறான். அந்த நீளப் படகு, கூடாரம், தண்ணீர், ராஸ், ராஸ் தூண்டிலில் மாட்டி எதிர்ப்பக்கம் இழுக்கிற மீன், எல்லாவற்றையும் அவள் ஒருத்தி முன்னால் உட்கார்ந்து இழுத்திருக்கிறாள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும். அதற்குத்தான் நீரோட்டம் என்று பேர்.

மீனை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். வாயால் தின்றிருக்கிறாள். "போற வழியில போட்டேன் கண்ணு, காசா பணமா" என்பான். "உனக்குத்தான் எவ்வளவு கெட்டிக்காரத்தனம்" என்பாள் அவள். அவன் தூண்டில் பிடிக்கும்போது துடுப்பை யார் பிடிப்பது என்று ஒரு தடவைகூட அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை.

ஒருவேளை அவன் பொய் சொல்லவில்லையோ என்றும் யோசித்துப் பார்த்தாள். சொல்லிச் சொல்லி அவனே நம்பியிருக்கலாம். இருக்கலாம். அது இப்போது யாருக்கு வேண்டும்?

"தேவடியாப் பய" என்றாள் லினெட், வாய்விட்டு. பிள்ளைகள் பஸ்ஸில் அந்தச் சொல்லைச் சொன்னால் இறக்கிவிட்டு நடக்கவைப்பவள். பாறையில் பட்டுக் குரல் திரும்பி வந்தது. மறுபடியும், இன்னும் சத்தமாகச் சொன்னாள். மூன்றாம் தடவை சொன்னது பாதியிலேயே நின்றது. அப்புறம் அழுகை வந்துவிட்டது. ஒற்றைப் படகில் குலுங்கிக் குலுங்கி அழவும் முடியாது, கவிழ்ந்துவிடும். நிமிர்ந்து உட்கார்ந்து, துடுப்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ஜாக்கிரதையாக அழுதாள். ராஸுக்காக அழவில்லை. அந்த இரண்டு தோள்பட்டைகளுக்காக அழுதாள்.

ஹெட்டி மணலில் படகு ஏறியபோது வெயில் இன்னும் மரங்களுக்கு மேலே இருந்தது. கையைத் தூக்கித் தொப்பியைத் தானே கழற்றினாள். கை சுலபமாக மேலே போனது. சாசேஜ் சுட்டு, எடுத்துப்போனதில் பாதியைத் தின்று தீர்த்தாள். அப்படி ஒரு பசி. குட்டிக் கங்காரு மாதிரி ஒரு வாலபி வந்து ரொட்டித் தோலுக்காக நின்றது. பிறகு பழைய மரப்பு கொஞ்சம் திரும்பி வந்தது. அது ஒரே நாளில் விடுகிற சமாச்சாரம் இல்லை. ஆனால் கன்னத்தைக் கடித்தால் தெரிகிற அளவுக்கு வந்திருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் படகுத்துறையில் நோலா நின்றுகொண்டிருந்தாள், கையில் போனோடு.

"நீரோட்டம் எப்படிடி இருந்துச்சு?"

லினெட் சொன்னாள். நோலா வாயைத் திறந்தபடி கேட்டாள்.  கேட்டு முடித்ததும், "ரம்பம் எங்க?" என்றாள்.

"வேணாம். அவனே எடுத்துட்டுப் போகட்டும்."

சனிக்கிழமை ராஸ் வந்தான், ஜனைனோடு. அவள் காரைவிட்டு இறங்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, பிறகு இறங்கினாள். ஐம்பது வயதுக்காரி, கிளப்பில் டீ போட்டுக் கொடுப்பவள். கெட்டவள் என்று சொல்ல முடியாது. லினெட்டைப் பார்த்ததும் முகம் சிவந்துபோனது. மஞ்சள் கயாக்கின் முன்பக்கத்தை லினெட்டே பிடித்துத் தூக்கிக்கொடுத்தாள். காரின்மேல் ஏற்றினார்கள். ராஸ் பட்டையைப் போட்டு இழுத்துக் கட்டினான்.

"போயிட்டு வந்தியாமே" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "அதிர்ஷ்டம்தான் கண்ணு. சில நாள் நீரோட்டம் தூங்கிட்டு இருக்கும்."

"தூங்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றாள் லினெட். "மீன் முழிச்சிட்டு இருந்துச்சு."

ராஸின் கை பட்டையில் நின்றது. ஒரு கணம்தான். பிறகு மறுபடி இழுத்தான், தேவைக்கு மேல் இறுக்கமாக.

ஜனைனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதாவது நல்லவிதமாகப் பேச வேண்டுமே என்று, "எனக்குப் பயமாத்தான் இருக்கு, லினெட். நான் அவ்வளவு தெம்பான ஆளு இல்ல. உண்மையச் சொல்லுங்க, அந்த நீரோட்டம் அவ்வளவு மோசமா?" என்றாள்.

லினெட் அவளைப் பார்த்தாள். ஒல்லித் தோள்கள். ஈஸ்டருக்கு ஈஸ்டர் அந்தத் தோள்கள் என்ன பாடுபடும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டுவிடலாம், ஊரில் ஒருத்தரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள்.

"முன் சீட்டுல உக்காந்தா மோசம்தான், ஜனைன்" என்றாள். "பின்னாடி உக்காந்தா தெரியவே தெரியாது. நீங்க பின்னாடி உக்காருங்க."